பட்டுச் சுரப்பி சாகும் நேரம்

பட்டுக்கூடு ஒன்றை எடுத்து ஓரத்தில் கத்தரித்துப் பாருங்கள். உள்ளே பழுப்பு நிறத்தில் கூட்டுப்புழு இருக்கும். அதன் வால்பக்கம், கசக்கிப் போட்ட துணிபோல, கடைசியாக உரித்த தோல் கிடக்கும். விரலால் லேசாகத் தொட்டால் வயிற்றை மட்டும் வெடுக்கென்று திருப்பும். உயிர் இருக்கிறது. ஆனால் ஒரு வாரத்துக்கு முன்னால் அதன் உடம்பை அடைத்துக்கொண்டிருந்த ஓர் உறுப்பு இப்போது இருக்காது. அதுதான் பட்டுச் சுரப்பி.

அந்தச் சுரப்பி சாதாரணமானதல்ல. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீண்ட குழாய்கள் மடிந்து மடிந்து கிடக்கும். புழு முட்டையிலிருந்து வெளிவந்த பிறகு அதன் செல்கள் பிரிந்து பெருகுவதில்லை. இருக்கிற செல்களே வீங்கிப் பெரிதாகின்றன. பின்பகுதிச் செல் ஒவ்வொன்றும் தன் டிஎன்ஏவை லட்சக்கணக்கான மடங்கு நகலெடுத்துக்கொள்கிறது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நூலுக்கான புரதம் அங்கிருந்துதான் வருகிறது. நூற்று முடித்து, கூட்டுப்புழுவாக மாறிய இரண்டொரு நாளில் இத்தனை பெரிய ஆலை தன்னைத் தானே பிரித்துப் போட்டுவிடுகிறது. நோயும் இல்லை, காயமும் இல்லை. செல்களுக்கு வந்தது ஒரு சேதி, அவ்வளவுதான்.

சேதியைக் கொண்டுவருவது எக்டைசோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன். புழுவின் மூளை சொன்னதும் மார்புப் பகுதியில் உள்ள ஒரு சுரப்பி இதை வெளியிடும். மற்ற ஸ்டீராய்டுகளைப் போலவே இதற்கும் மூலப்பொருள் கொலஸ்ட்ரால். பூச்சிகளால் கொலஸ்ட்ராலை அடியிலிருந்து செய்ய முடியாது. மல்பெரி இலையில் உள்ள, கொலஸ்ட்ராலின் உறவான ஸ்டீராலை எடுத்துத்தான் பட்டுப்புழு அதைக் கொலஸ்ட்ராலாக மாற்றிக்கொள்கிறது. தின்ற இலையிலேயே தன் சுரப்பிக்கான சாவோலையும் இருக்கிறது என்று சொல்லலாம்.

1954இல் ஜெர்மனியில் புடெனாண்ட்டும் கார்ல்சனும் இந்த ஹார்மோனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். 500 கிலோ கூட்டுப்புழுவை அரைத்துப் பிழிந்ததில் கிடைத்தது 25 மில்லிகிராம். ஒரு சிட்டிகைகூட இல்லை. இன்றைக்கு இதே வகைப் பொருளைச் செடிகளிலிருந்து எடுத்து, 'சம்பூர்ணா' என்ற பெயரில் பட்டு வளர்ப்பவர்களுக்குத் தருகிறார்கள். புழுக்கள் முதிரத் தொடங்கும் வேளையில் இலைமீது தெளித்துக் கொடுத்தால், முன்னே பின்னே இல்லாமல் எல்லாம் ஒன்றாகக் கூடுகட்ட ஏறும்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. புழு ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் இதே எக்டைசோன் எகிறுகிறது. அப்போதெல்லாம் பட்டுச் சுரப்பிக்கு ஒன்றும் ஆவதில்லையே? அந்தச் சமயங்களில் இளமை ஹார்மோன் என்ற இன்னொன்றும் ரத்தத்தில் இருக்கும். அது இருக்கும்வரை எக்டைசோனுக்குப் பொருள் 'தோலை உரி'. அது இல்லாதபோது பொருள் 'உருமாறு'. உருமாற்றத்தில் சில உறுப்புகள் கட்டப்படும், சில இடிக்கப்படும்.

இடிப்பு வேலை செல்லுக்குள் எப்படி நடக்கிறது என்பதைப் பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில்தான் விரிவாகப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு கொழுப்பில் கரையும்; செல் சவ்வு அதற்குத் தடையே இல்லை. நேரே உள்ளே போய், அதற்கென்று உள்ள ஏற்பிப் புரதத்தோடு சேர்ந்து, டிஎன்ஏமீது அமர்ந்து மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. முதலில் முடுக்கப்படும் சில மரபணுக்கள் அடுத்த வரிசையை எழுப்ப, அதில் ரீப்பர், ஹிட் என்ற இரண்டு எழுகின்றன. (ரீப்பர் என்பது, சாவைக் கதிரறுப்பவனாகப் பார்க்கும் மேலைநாட்டு வழக்கிலிருந்து வந்த பெயர். நம் ஊரில் கண்டுபிடித்திருந்தால் எமன் என்றே வைத்திருப்பார்கள்.)

இவை நேரடியாகச் செல்லை வெட்டுவதில்லை. வெட்டும் கத்திகளான காஸ்பேஸ் என்ற நொதிகள் செல்லுக்குள் முன்பே இருக்கின்றன. டையாப்-1 என்ற புரதம் அவற்றைக் கட்டிப்போட்டிருக்கிறது. ரீப்பரும் ஹிட்டும் வந்து அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகின்றன. பிறகு காஸ்பேஸ்கள் பாடு. அதே ஈயில், புழுப்பருவத்தின் முடிவில் எழும் எக்டைசோன் அலைக்கு நடுக்குடல் சாகிறது. சுமார் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து வரும் அடுத்த அலைக்குத்தான் உமிழ்நீர்ச் சுரப்பி சாகிறது. முதல் அலையின்போது அதற்கு வேறு வேலை இருக்கிறது: கூட்டை எங்காவது ஒட்டவைக்கப் பசை கக்க வேண்டும்.

ஹார்மோன் கூடினால்தான் சாவு என்றும் இல்லை. 'திட்டமிட்ட செல் சாவு' என்ற சொல்லே 1964-65இல் ரிச்சர்ட் லாக்ஷினும் கரோல் வில்லியம்ஸும் பட்டு அந்துப்பூச்சியின் வயிற்றுத் தசைகளை ஆராய்ந்தபோது வழக்குக்கு வந்தது. கூட்டைவிட்டு வெளியே வர உதவும் அந்தத் தசைகள், வெளியே வந்த இரண்டு நாளுக்குள் கரைந்துபோகும். புகையிலைப் புழுவின் அந்துப்பூச்சியில் பிறகு செய்த சோதனைகளில் காரணம் தெரிந்தது: அங்கே எக்டைசோன் வற்றுவதுதான் சாவுக்கான சேதி. வெளியில் வரும் முன் ஊசியில் ஹார்மோனைச் செலுத்தினால் தசை சாவது தள்ளிப்போகிறது.

நம் உடம்பிலும் இதே கூத்துதான். விந்தகங்களை அகற்றினால் ஆண் ஹார்மோன் வற்றி, புராஸ்டேட் செல்கள் கூட்டமாகச் சாகின்றன. கார்ட்டிசால் வகை ஸ்டீராய்டிலோ நேர்மாறு: அது கூடினால், மார்பில் உள்ள தைமஸ் என்ற உறுப்பில் வளரும் இளம் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் சில மணி நேரத்தில் மடியும். 1980இல் ஆண்ட்ரூ வைலி இப்படிச் சாகும் எலியின் தைமஸ் செல்களிலிருந்து டிஎன்ஏவை எடுத்து, துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டபோது, அது ஏணிப்படிகள்போலச் சீராக வெட்டுப்பட்டிருந்தது. அழுகிச் சிதைந்த செல்லில் இந்த ஒழுங்கு இருக்காது.

குழந்தைகளுக்கு வரும் லிம்போசைட் (டி செல்களும் அடங்கிய வெள்ளையணு வகை) ரத்தப் புற்றுநோயில் சிகிச்சை தொடங்கும்போதே கார்ட்டிசால் வகை மருந்தான பிரெட்னிசலோனோ டெக்ஸாமெத்தசோனோ கொடுப்பது இந்த இயல்பை நம்பித்தான். மருந்து பிம் என்ற புரதத்தைக் கூட்டுகிறது. அது செல்லின் காப்புப் புரதங்களை முடக்கிக் காஸ்பேஸ் வரை கொண்டுபோய்விடுகிறது. அதே மருந்து ஆஸ்துமாக்காரரின் உடம்பில் ஈசினோஃபில் செல்களைச் சீக்கிரம் சாகவைக்கும். ஆனால் இன்னொரு வெள்ளையணுவான நியூட்ரோஃபிலின் ஆயுளை நீட்டிவிடும். ஸ்டீராய்டை 'செல்கொல்லி' என்றோ 'செல்காப்பான்' என்றோ முத்திரை குத்த எனக்கு மனம் வராததற்கு இந்த ஒரு உதாரணம் போதும். கடிதம் ஒன்றுதான், எந்த வீட்டுக்கு வந்தது, அங்கே யார் இருந்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பொருள்.

பட்டுப்பூச்சிக்கே திரும்பினால், எக்டைசோனைச் செய்து அனுப்பிய அந்த மார்புச் சுரப்பியையும் வளர்ந்த அந்துப்பூச்சியில் தேடினால் கிடைக்காது. கூட்டுக்குள் உருமாறும்போதே அதுவும் செத்துக் கரைந்துவிடுகிறது.