நிலையின் பள்ளத்துக்கு எந்தச் சுரண்டி?

யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளில் முன்கதவு நிலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். குமிழ் வரி, அதை ஒட்டி ஒரு பள்ளம், அப்புறம் மெல்லிய படி என்று தச்சர் இழைத்த கோடுகள் இருக்கும். வருசக்கணக்காக ஒன்றின்மேல் ஒன்றாக அடித்த பெயின்ட் ஏறி, அந்த வேலைப்பாடு முழுக்க மழுங்கிக் கிடக்கும். அதைச் சுரண்டப் பலரும் எடுப்பது நேரான தகடு. அது தட்டையான பலகைக்கு உரிய சாமான்.

அதன் நேர்வாயை, அதாவது சுரண்டும் விளிம்பை, பள்ளத்தில் வைத்தால் இரண்டு மூலைகள்தான் மரத்தைத் தொடும், நடு அந்தரத்தில் நிற்கும். கையின் பலம் முழுக்க அந்த இரண்டு புள்ளிகளில் இறங்குவதால் மரத்தில் இரண்டு கீறல் விழும், அடியில் பெயின்ட் அப்படியே இருக்கும். குமிழிலோ உச்சி மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். ஆகவே பள்ளத்துக்கு வெளிப்புறம் வளைந்த வாய் வேண்டும், அதன் வளைவு பள்ளத்தின் வளைவைவிடச் சற்று ஒடுங்கியதாக இருக்கவேண்டும். குமிழுக்கு உட்குழிந்த வாய், அது குமிழைவிடச் சற்று அகன்றது. தலையை மாற்றிப் பூட்டும் சுரண்டிகளில் நீர்த்துளி வடிவத் தலை நல்லது, கூர்முனை மூலைக்குப் போகும், உருண்ட பக்கம் பள்ளத்துக்குப் பொருந்தும். எதுவுமே பொருந்தாவிட்டால், பெயின்ட் குறைந்த ஒரு இடத்தில் வேலைப்பாட்டின் வெட்டுமுகத்தை மட்டையில் வரைந்து, இரும்பறுக்கும் பழைய வாள் அலகை அதன்படி சாணையில் தீட்டிக்கொள்ளலாம்.

தள்ளாதீர்கள், இழுங்கள். தள்ளும்போது வாய் நாருக்கு அடியில் புகுந்து மரத்தைக் கிளப்பும். தகட்டை இழுக்கும் பக்கம் சாய்த்துப் பிடித்தால் வாய் உள்ளே இறங்க வழியில்லை, மேலே உள்ள படையை மட்டும் வழித்துக்கொண்டு வரும்.

பழைய எண்ணெய்ப் பெயின்ட் காய்வது தண்ணீர் காய்வது மாதிரி அல்ல. ஆளி எண்ணெய் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து வலைபோல இறுகுகிறது. அந்த வலைக்குள் சிக்கிய நிறத்தூள் உருக்கு வாயை வேகமாக மழுக்கும். தங்ஸ்தன் காபைட் என்ற மிகக் கடினமான பொருளில் செய்த வாய் நெடுநேரம் தாங்கும், ஆனால் கீழே விழுந்தால் சில்லுப் பறக்கும், சாதாரண அரத்துக்கும் மசியாது. நான் வேலைப்பாட்டுக்கு உருக்கையே எடுப்பேன், வேலைக்கு நடுவிலேயே அரத்தால் இரண்டு இழுப்பில் பதம் திரும்பிவிடும்.

ஒரு விசயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். பழைய வெள்ளையிலும் மஞ்சளிலும் ஈயம் இருந்திருக்கலாம். இலங்கையில் பெயின்ட்டின் ஈய அளவுக்கு வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். அதனால் உலர்ந்தபடி சாண்ட் பேப்பர் போடவேண்டாம், தண்ணீர் தெளித்து ஈரத்தோடு சுரண்டுங்கள். சூடான காற்றை ஊதும் ஹீட் கன் பெயின்ட்டை இளக்கி வேலையைச் சுலபமாக்கும் என்பது உண்மைதான், ஆனால் ஏறக்குறைய 600 பாகை செல்சியசைத் தாண்டினால் ஈயம் ஆவியாகும். எனவே குறைந்த சூட்டில் வைத்து, படை குமிழ்விட்ட உடனே வழித்தெடுங்கள். தீச்சுவாலை வேண்டவே வேண்டாம். துணி முகமூடி அந்தத் தூசியைத் தடுக்காது, நுண்தூசி வடிகட்டும் முகமூடி போடுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வேலை முடிந்து ஈரத்துணியால் துடைக்கும்வரை அந்தப் பக்கம் வரக்கூடாது. சுரண்டிய செதில்களை முற்றத்தில் எரிக்கவும் கூடாது.

விறாந்தைத் தூண் தலையில் இருப்பது மரமல்ல, சுண்ணாம்புச் சாந்து என்றால் இந்த உருக்கு எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துவிடுங்கள். சாந்து பெயின்ட்டைவிட மெத்தென்றது, கையைக் கொஞ்சம் அழுத்தினாலே பூவிதழ் போய்விடும். அங்கே சீவிய மூங்கில் குச்சியும் தண்ணீரும் பொறுமையும்தான்.