கோடா: யார் வீட்டுப் பிள்ளை?

'கோடா' படம் 2022இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியதோடு, அந்தப் பெயருக்கு மொழிபெயர்ப்பாக 'காது கேளாத பெரியவர்களின் குழந்தை' என்ற சொற்றொடரும் தமிழில் ஒட்டிக்கொண்டது. விமர்சனம், கட்டுரை, திரையின் அடியில் ஓடும் வசன வரி எதைத் தொட்டாலும் இதுதான். நான்கு சொல்லில் இரண்டு பிழை.

மூலத்தைச் சட்டென்று சொல்லிவிடலாம். 'சில்ட்ரன் ஆஃப் டெஃப் அடல்ட்ஸ்' என்பதன் முதலெழுத்துகள்தான் கோடா. 1983இல் அமெரிக்காவில் மில்லி பிரதர் என்பவர் தொடங்கிய அமைப்பின் வழியே பரவிய பெயர். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, தனக்குக் காது கேட்கிறவர் என்று பொருள். இசையில் முடிப்பைக் குறிக்கும் கோடா வேறு. அது வால் என்று பொருள்படும் இத்தாலியச் சொல்.

இப்போது பிழைக்கு வருவோம். 'வீட்டில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா?' என்று கேட்டால் நாம் தாத்தா பாட்டியைத்தான் கூப்பிடுவோம். இங்கே பேச்சு அம்மா அப்பாவைப் பற்றி. அடுத்தது 'குழந்தை'. நடிகை லூயிஸ் பிளெச்சர் 1976இல் ஆஸ்கர் மேடையில் நின்று, காது கேளாத தன் பெற்றோருக்குச் சைகை மொழியில் நன்றி சொன்னபோது அவருக்கு வயது 41. அவரையும் குழந்தை என்பதா? ஆங்கிலச் சொல் உறவைச் சொல்கிறது. நம் 'குழந்தை' வயதைச் சொல்கிறது. 'பிள்ளை'க்கு அந்தச் சிக்கல் இல்லை. அறுபது வயதுக்காரரையும் 'அவர் இன்னார் பிள்ளை' என்போம்.

சிலர் 'காது கேளாதோர் குழந்தை' என்று சுருக்குகிறார்கள். இது இன்னும் மோசம். 'காது கேளாதோர் பள்ளி' பலகையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, குழந்தைக்கே காது கேட்காது என்றுதான் படும். உண்மை நேர் எதிர். காது கேளாத பெற்றோரின் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

இன்னொரு கட்சியும் உண்டு. 'கோடா' என்பதே தமிழ்தானே என்று தனித்தமிழ் நண்பர் ஒருவர் விடாமல் வாதாடுகிறார். கோடுதல் என்றால் வளைதல், சாய்தல். கோடா என்றால் சாயாத. 'அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி' என்று குறளே இருக்கிறது. காது கேளாத பெற்றோருக்கும் வெளியாருக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா என்கிறார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை சாயாமலா நிற்கிறது? 'உங்கள் பையன் வகுப்பில் ஓயாமல் பேசுகிறான்' என்று ஆசிரியர் சொல்வார். பையனின் கைகள் அம்மாவிடம் 'நன்றாகப் படிக்கிறானாம்' என்று சொல்லும். வங்கியில் எழுத்தர் எரிந்து விழுந்தால் அந்தச் சொல்லை அப்படியே விழுங்கிவிட்டு, 'நாளைக்கு வரச் சொல்கிறார்' என்று மட்டும் காட்டும். மருத்துவர் சொல்லும் கெட்ட செய்தியைப் பத்து வயதில் தன் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்போது, எந்தத் துலாக்கோல் நேராக நிற்கும்? அது சம்பளம் வாங்கும் மொழிபெயர்ப்பாளர் இல்லை, வீட்டுப் பிள்ளை. போதாக்குறைக்கு, இலங்கைச் செய்திகளில் கோடா என்றால் கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் காய்ச்சும் ஊறல். 'கோடாவுடன் ஒருவர் கைது' என்று படிக்கிற யாழ்ப்பாணத்து வாசகரிடம் நண்பர் குறளைச் சொல்லிப் பார்க்கட்டும்.

அமெரிக்கச் சைகை மொழியில் இப்படிப்பட்டவரை அறிமுகப்படுத்த 'அம்மா, அப்பா, காது கேளாதவர்' என்ற மூன்று சைகைகளைப் போடுவார்கள். ஆள் யார் என்பதற்கு வீட்டைக் காட்டுகிறார்கள். தமிழும் அப்படித்தான் பேசும்: ஏழை வீட்டுப் பிள்ளை, பெரிய வீட்டுப் பிள்ளை. ஆகவே 'காது கேளாதோர் வீட்டுப் பிள்ளை'. பேச்சில் 'சைகை வீட்டுப் பிள்ளை' என்றாலும் சரிதான். அரசுப் பலகைகளின் 'செவித்திறன் குறையுடையோர்' மட்டும் வேண்டாம். சைகையைத் தாய்மொழியாகக் கொண்டு நிறைவாகக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு வாசலிலேயே குறைப்பட்டம் எதற்கு?

நீளமாக இருக்கிறது என்று 'காது'வை வெட்டப் பார்ப்பார்கள். வெட்டினால் 'கேளாதோர்' என்பது சொன்ன பேச்சைக் கேளாதோர் ஆகிவிடும். 'கேட்கும் குழந்தை' என்று ஒரு வசன வரியில் ஏற்கெனவே பார்த்தாயிற்று. மிட்டாயா கேட்கிறது?