இறுதிக் கோட்டை மட்டும் பார்க்கும் கேமரா

2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. பெண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டம். பஹ்ரைனின் எடிடியோங் ஒடியோங் 11.30 நொடி, இந்தியாவின் டூட்டி சந்த் 11.32, சீனாவின் வெய் யோங்லி 11.33. தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் 0.03 நொடிக்குள் அடங்கிவிட்டன. கண் சிமிட்ட ஆகும் நேரத்தில் பாதிகூட இல்லை. அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஏதோ கும்பலாக ஓடி வந்து கோட்டைக் கடந்ததுபோலத்தான் இருந்திருக்கும். அப்படியிருக்க, யார் முன்னால், யார் பின்னால் என்று எப்படிச் சொன்னார்கள்?

போட்டோ ஃபினிஷ் என்றுதான் எல்லோரும் பதில் சொல்வோம். நானும் பல வருடம் அதை ஒரு வேகமான கேமரா என்றே நினைத்திருந்தேன். படபடவென்று படங்கள் எடுக்கும், அதில் சரியான ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது என் கணக்கு. விஷயம் அதுவே இல்லை. அந்தக் கேமரா இறுதிக் கோட்டைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை.

கதவை ஒரு நூல் அளவு மட்டும் திறந்துவைத்து, அந்த இடுக்கு வழியாகத் தெருவைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கடந்து போகிறார். முதலில் மூக்கு நுனி தெரியும், அப்புறம் கன்னம், காது, பின்தலை. முழு ஆளை ஒரு கணம்கூடப் பார்க்க முடியாது. ஆனால் இடுக்கில் தெரிந்த ஒவ்வொரு கீற்றையும் வரிசை மாறாமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வந்தால் ஓர் ஆள் உருவம் கிடைத்துவிடும். போட்டோ ஃபினிஷ் கேமரா செய்வது இதைத்தான். கோட்டின் நேர் நீட்சியில், உயரத்தில் அதைப் பொருத்தியிருப்பார்கள். ஒரே ஒரு பிக்சல் அகலமுள்ள செங்குத்துக் கீற்றை நொடிக்கு 1,000 முறையோ அதற்கு மேலோ அது பதிவு செய்யும். ஒலிம்பிக்கில் 10,000 முறை பதிவு செய்யும் கேமராக்களும் வந்துவிட்டன. கீற்றுகளைச் சேர்த்து ஒட்டினால் நாம் செய்தித்தாளில் பார்க்கும் அந்த நீளப் படம் தயார்.

அந்தப் படத்தில் இடமிருந்து வலமாக இருப்பது தூரம் அல்ல, நேரம். முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் நடுவே தெரியும் இடைவெளியை மீட்டரில் படிக்கக் கூடாது, நொடியில் படிக்க வேண்டும். படத்தில் இருக்கும் எட்டுப் பேரும் உண்மையில் ஒரே இடத்தில், அதாவது கோட்டின் மேலேதான் இருக்கிறார்கள், வேறு வேறு நேரங்களில். இது மனதில் பதிந்த பிறகு அந்தப் படத்தை என்னால் பழையபடி பார்க்கவே முடியவில்லை.

ஒரு போட்டோ ஃபினிஷ் படம் கிடைத்தால் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். பின்னணி முழுக்க ஒரே வெள்ளையாக இருக்கும். கேமராவுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைக் கோடுதான். அதே வெள்ளை ஆயிரக்கணக்கான முறை பதிவாகிப் பின்னணி ஆகிவிட்டது. இனி கால்களுக்கு வாருங்கள். யாராவது ஒருவரின் ஷூ பலகை மாதிரி நீண்டு கிடக்கும். அவர் பாதம் சரியாகக் கோட்டின் மேல் ஊன்றியிருக்கிறது. வேகமாக ஓடுபவரின் பாதம் தரையில் நிற்பது சுமார் 0.1 நொடி. அந்த நேரத்தில் கேமரா நூறு கீற்றுகள் எடுத்துவிடும். நூறிலும் அதே ஷூவின் அதே துண்டு. அதனால்தான் அந்த நீளம். முன்னால் வீசி வரும் கால் உடம்பைவிட வேகமாகக் கோட்டைத் தாண்டுவதால் குச்சிபோல ஒல்லியாக விழும். வேகம் குறைந்துபோய் வருபவர் கொஞ்சம் அகலமாகத் தெரிவார். படம் பழுது என்று தோன்றும் ஒவ்வொரு கோணலும் உண்மையில் வேகத்தின் பதிவு.

சரி, கோட்டை எந்த உறுப்பு தொட்டால் ஓட்டம் முடிந்ததாக அர்த்தம்? தலை கணக்கில் வராது. கழுத்து, கை, கால் எதுவும் வராது. மார்பும் வயிறும் சேர்ந்த நடு உடல்தான் கணக்கு. நடுவர் கணினித் திரையில் ஒரு மெல்லிய செங்குத்துக் கோட்டை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொருவர் மார்பின் முன் விளிம்பிலும் வைக்கிறார். வைத்த இடத்தின் நேரம் திரையில் வந்துவிடும். கையை நீட்டிக்கொண்டு வந்தவர் மார்பை மறைத்துவிடலாம் என்பதால் மறுபக்கத்திலிருந்தும் ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்.

ஓட்டக்காரர்கள் கடைசி அடியில் மார்பை முன்னே தள்ளிக் குனிவது இதற்காகத்தான். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி. டி. உஷா 55.42 நொடி, ருமேனியாவின் கிறிஸ்டியானா கோஜோகாரு 55.41. வெண்கலம் போய்விட்டது. 400 மீட்டரை 55.42 நொடியில் ஓடுபவர் நொடிக்குச் சராசரியாக 7.2 மீட்டர் போகிறார். அப்படியென்றால் நூறில் ஒரு நொடி என்பது 7 சென்டிமீட்டர். ஒரு சுண்டுவிரல் நீளத்தைவிடச் சற்று அதிகம். இரண்டு வருடம் கழித்து சியோல் ஆசியப் போட்டியில் அதே உஷா 200, 400, 400 மீட்டர் தடை ஓட்டம், 4x400 தொடர் ஓட்டம் என நான்கு தங்கமும், 100 மீட்டரில் வெள்ளியும் வாங்கினார்.

நூறில் ஒரு பங்கும் போதாமல் போவது உண்டு. ஜகார்த்தாவில் ஆண்கள் 100 மீட்டரில் சீனாவின் சு பிங்தியன் 9.92 நொடியில் முதலில் வந்தார். அடுத்து கத்தாரின் தோசின் ஒகுனோடே 10.00, ஜப்பானின் ரியோட்டா யமகட்டாவும் 10.00. ஆனால் வெள்ளி ஒகுனோடேவுக்கு, வெண்கலம் யமகட்டாவுக்கு. இதைப் பார்த்துக் குழம்பாதவர்கள் குறைவு. கேமரா நேரத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு வரை படிக்கிறது. பலகையில் போடும்போது மேல்பக்கம் கூட்டி நூறில் ஒரு பங்காக எழுதுகிறார்கள். 9.991 ஆனாலும் 9.998 ஆனாலும் பலகையில் 10.00தான். இரண்டு பேர் ஒரே எண்ணில் வந்து நின்றால் நடுவர் மறைந்திருக்கும் மூன்றாவது இலக்கத்தைப் பார்ப்பார். அந்த வேகத்தில் ஆயிரத்தில் ஒரு நொடிக்கு ஒரு சென்டிமீட்டர். அதுவும் சமமாக இருந்தால்தான் இருவருக்கும் ஒரே இடம்.

கையில் ஸ்டாப்வாட்ச் பிடித்து நேரம் எடுத்த காலத்தில் இதெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாத நுட்பம். 1958 டோக்கியோ ஆசியப் போட்டியில் மில்கா சிங்கும் பாகிஸ்தானின் அப்துல் காலிக்கும் 200 மீட்டரில் மோதினார்கள். பதிவான நேரங்கள் 21.6, 21.7. பத்தில் ஒரு பங்குக்குக் கீழே எழுதும் வழக்கமே அப்போது இல்லை. அந்த வேகத்தில் பத்தில் ஒரு நொடி என்றால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். (அதே டோக்கியோவில்தான் யாழ்ப்பாணத்துக்காரரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீட்டர் உயரம் தாண்டி, ஆசியப் போட்டிகளில் இலங்கையின் முதல் தங்கத்தை வென்றார். அதற்குக் கடிகாரமே தேவைப்படவில்லை. குறுக்குக் கம்பி விழாமல் நின்றது, அவ்வளவுதான்.)

கையால் நேரம் எடுப்பவர்களுக்கு ஒரு பழைய பாடம் உண்டு: துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு ஸ்டாப்வாட்சை அழுத்தாதே, புகையைப் பார்த்து அழுத்து. அவர் நிற்பது இறுதிக் கோட்டில். துப்பாக்கி வெடிப்பது 100 மீட்டர் தள்ளி. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். சத்தம் காதுக்கு வருவதற்குள் 0.29 நொடி ஓடிப்போயிருக்கும். அதற்குள் ஓட்டக்காரர் தொடக்கத்தில் கால் ஊன்றும் பிளாக்கை உந்தத் தொடங்கியிருப்பார். சத்தத்தைக் கேட்டு அழுத்தினால் ஓட்டக்காரரின் நேரம் அவ்வளவும் குறைவாகப் பதிவாகிவிடும். பள்ளி விளையாட்டு விழாக்களில் திடீரென்று அபாரமான நேரங்கள் பதிவானால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இதே ஒலிதான் தொடக்கக் கோட்டிலும் தொல்லை. 400 மீட்டர் ஓட்டத்தில் வெளி லேன்களில் இருப்பவர்களுக்கு வளைவு பெரிது. ஆகவே தொடக்க இடங்களைப் படிப்படியாக முன்னே தள்ளி வைப்பார்கள். எட்டாவது லேன்காரர் முதல் லேன்காரரைவிட 53 மீட்டர் முன்னால் நிற்பார். அது வளைவில் அளந்த தூரம். நேர்க்கோட்டில் பார்த்தால் இருவருக்கும் நடுவே சுமார் 45 மீட்டர். முதல் லேன் பக்கத்தில் வெடித்த சத்தம் எட்டாவது லேனுக்குப் போய்ச் சேர 0.13 நொடி ஆகும். உஷா பதக்கத்தை இழந்த இடைவெளியைப்போலப் பதின்மூன்று மடங்கு! ஒருவர் எவ்வளவு உழைத்திருந்தாலும் லேன் ஒதுக்கீட்டிலேயே அவர் தோற்றுப்போகலாம் என்பது எவ்வளவு பெரிய அநியாயம். அதனால்தான் இப்போது ஒவ்வொருவரின் ஸ்டார்ட்டிங் பிளாக்குக்குப் பின்னாலும் ஒரு ஒலிபெருக்கி இருக்கிறது. துப்பாக்கி வெறும் மின் விசை. அழுத்தியதும் கம்பி வழியாக எல்லா ஒலிபெருக்கிக்கும் ஒரே கணத்தில் செய்தி போகும், கடிகாரமும் ஓடத் தொடங்கும். போட்டிக்கு முன்னால் இதையும் சோதிப்பார்கள்: விசை அழுத்தியதற்கும் கடிகாரம் தொடங்கியதற்கும் நடுவே ஆயிரத்தில் ஒரு நொடிக்கு மேல் போகக் கூடாது.

பிளாக்கின் பலகைகளில் உணரிகள் உண்டு. கால் பலகையை விட்டுப் பிரிவதை அவை பார்ப்பதில்லை. கால் உந்தத் தொடங்கும் அழுத்தத்தைப் பார்க்கின்றன. சத்தம் காதில் விழுந்து, நரம்பு வழியே மூளைக்குப் போய், மூளையின் கட்டளை முதுகுத்தண்டு வழியாகத் தொடைத் தசைக்கு இறங்கி, தசை சுருங்கி, பலகையில் அழுத்தம் விழ வேண்டும். நல்ல ஓட்டக்காரர்களுக்கே இதற்கு 0.12 முதல் 0.18 நொடி வரை ஆகும். 0.100 நொடிக்குள் அழுத்தம் விழுந்தால், சத்தம் கேட்டு ஓடவில்லை, ஊகித்து ஓடியிருக்கிறார் என்று விதி முடிவு செய்கிறது. 2022 உலகச் சாம்பியன்ஷிப்பில் அமெரிக்காவின் டெவன் ஆலன் 0.099இல் கிளம்பி 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். 0.001 நொடி! மனித உடம்பின் எல்லை இவ்வளவு துல்லியமாகக் கோடு கிழிக்கக்கூடியதா என்பதில் எனக்குச் சம்மதமில்லை. 0.100 என்பது வசதிக்காக வைத்த ஒரு வேலி. ஆனால் எங்காவது ஒரு வேலி வேண்டும் என்பதும் புரிகிறது. 2010இலிருந்து முதல் தவறுக்கே வெளியேற்றம் என்பதால் அந்த வேலியின் கூர்மை இன்னும் அதிகம்.

2023 அக்டோபர் 1, ஹாங்சோ ஆசியப் போட்டி. பெண்கள் 100 மீட்டர் தடை ஓட்ட இறுதி. சீனாவின் வூ யான்னி துப்பாக்கிக்கு முன்பே அசைந்துவிட்டார். பக்கத்து லேனில் குனிந்து காத்திருந்த ஜோதி யர்ராஜி அந்த அசைவில் தானும் எழுந்துவிட்டார். உச்சகட்டக் கவனத்தில் இருக்கும் உடம்புக்குப் பக்கத்தில் ஓர் அசைவு தெரிந்தால் போதும், யோசிக்கும் முன்பே தசை வேலை செய்துவிடும். முதலில் இருவர் மேலும் பழி விழுந்தது. ஜோதி தன் தரப்பை நடுவர்களிடம் விட்டுக்கொடுக்காமல் வாதாடினார். வீடியோவைப் பார்த்தார்கள். கடைசியில், முடிவைப் பிறகு தீர்மானிப்போம் என்று இருவரையும் ஓட விட்டார்கள்.

லின் யுவெய் 12.74 நொடியில் முதலிடம். வூ யான்னி 12.77. ஜோதி 12.91. கேமராவைப் பொறுத்தவரை சந்தேகமே இல்லை. வூ யான்னியின் மார்பு ஜோதியைவிட 0.14 நொடி, அதாவது ஒரு மீட்டருக்கு மேல், முன்னால் கோட்டைக் கடந்திருந்தது. ஆனால் மறு ஆய்வு முடிந்து, தொடக்கத்தில் முந்தியதற்காக வூ யான்னி தகுதி நீக்கம் செய்யப்பட்டார். வெள்ளி ஜோதிக்கு வந்தது. நான்காவதாக வந்த ஜப்பானின் யூமி தனகாவுக்கு வெண்கலம்.