கொண்டை விழுந்த கள்ளிக்கு மருந்தடிக்காதீர்கள்

மறுபடியும் ஒரு மிர்ட்டில்லோகேக்டஸ், தூணாக வளரும் கள்ளி வகை. கொண்டையில் பாதி வெட்டப்பட்டு, மிச்சம் பூஞ்சைக்கொல்லியில் குளித்து வந்து சேர்ந்திருக்கிறது. கொண்டுவந்தவர் சொன்னது: "கேன்சர் கட்டி மாதிரி இருந்துச்சு, மத்த செடிக்கும் பரவிடுமோன்னு..."

பரவாது. தூணாக வளரும் கள்ளியின் உச்சியில் வளர்முனை ஒரு புள்ளி. கொண்டை விழும்போது அந்தப் புள்ளி கோடாக நீண்டுவிடுகிறது, அவ்வளவுதான். தண்டு உயராமல் விசிறியாக விரியும். நீள இடம் போதாத கோடு நெளிந்து மூளைமடிப்பு போலாகும். தண்டில் 5 முதல் 8 விலா (மேலிருந்து கீழாக ஓடும் புடைப்பு) இருந்த இடத்தில் சின்ன விலாக்கள் நெருக்கியடிக்கும், முள் குட்டையாகும். அரிசோனாவின் சாவாரோ என்னும் பெருங்கள்ளிகளிலும் இதே கொண்டை உண்டு. அதன் விளிம்பிலேயே பூத்துக் காய்க்கும். மிர்ட்டில்லோகேக்டஸ் நோயில் விழுந்த செடியா? மற்ற கள்ளிகளை மேலே ஒட்டுக்கட்ட அடித்தண்டாக நாங்கள் தேடிப்பிடிக்கும் முரட்டு இனம் ஐயா!

அடியில் பழுப்பேறினாலும் பதற வேண்டாம். விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் வயது. அமுங்கினால்தான் அழுகல், அன்றைக்கே, வெட்டுமுகம் வெளுப்பாகத் தெரியும்வரை சுத்தமான கத்தியால் சீவுங்கள்.

மேலே தெரியும் நீலச்சாயல் தூசி இல்லை, மெழுகு. ஈரத்துணியால் துடைத்தால் போனது போனதுதான். வேப்பெண்ணெயும் அதைக் கெடுக்கும். மடிப்புக்குள் மாவுப்பூச்சி இருந்தால் பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டு, பூச்சிமேல் மட்டும் வையுங்கள்.

தண்ணீரை மண்ணில் ஊற்றுங்கள், கொண்டையில் அல்ல. மடிப்பில் தேங்கினால் அங்கிருந்தே அழுகும். ஐப்பசி மழைக்குக் கூரையடியில், வெளிச்சம் விழும் இடத்தில் வையுங்கள். கொண்டை தலைகனத்தது, பிளாஸ்டிக் தொட்டி காற்றுக்குச் சாயும், அகன்ற மண்தொட்டியே சரி.

கத்தி எடுக்க ஆசையா? கொண்டையிலிருந்து நேராகக் கிளம்பும் சாதாரணத் தண்டை அடியோடு எடுங்கள். அதுதான் வேகமாக வளர்ந்து கொண்டையை அமுக்கும்.

அதற்கு முன் ஒன்று, தயவுசெய்து. கொண்டைக்கள்ளி என்று கடையில் தருவது பல சமயம் கேக்டஸே இல்லை. இலைக்கள்ளிமேல் ஒட்டுக்கட்டிய யூஃபோர்பியா லாக்டியா. கேக்டஸில் முள் ஒரு பஞ்சுத்திட்டிலிருந்து முளைக்கும், இதில் அந்தத் திட்டு இருக்காது. கீறினால் கள்ளிப்பால் கொட்டும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே கண் மருத்துவரிடம் போங்கள்.