ஆல் வீல் டிரைவ் வண்டிக்கு எந்த ஸ்டெப்னி?

ஐப்பசி, கார்த்திகை மழை அடித்து ஓய்ந்த பிறகு கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே வண்டி ஓட்டுவது தனி அனுபவம். தண்ணீர் தேங்கிய பள்ளம் எவ்வளவு ஆழம் என்பது சக்கரம் இறங்கிய பிறகுதான் தெரியும். பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டயரின் பக்கச்சுவர் நசுங்கி, உள்ளே ஓடும் நூலிழைகள் அறுந்துபோகும். ஆணி குத்திய பஞ்சர் என்றால் அடைத்துவிடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் அந்த டயர் போனதுதான், ஸ்டெப்னியை எடுத்தே ஆகவேண்டும். முன்சக்கரம் மட்டும் இழுக்கிற சாதாரணக் காரில் இதற்கு மேல் யோசிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. நான்கு சக்கரமும் இழுக்கிற ஆல் வீல் டிரைவ் வண்டியில் யோசனையே இங்கேதான் ஆரம்பிக்கிறது. அங்கே ஸ்டெப்னி போல்ட்டில் மாட்டினால் போதாது. மற்ற மூன்று சக்கரங்களோடு ஒரே கணக்கில் உருளவும் வேண்டும்.

ஏன் என்று புரிய, கார் திரும்பும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போகிறது, உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் போகிறது. இரண்டையும் ஒரே கம்பியில் இறுக்கிக் கட்டியிருந்தால் ஏதாவது ஒன்று சாலையில் தேய்ந்துகொண்டே வரும். இதைத் தீர்க்கத்தான் டிஃபரன்ஷியல். பிரான்ஸில் கடிகாரத் தொழில் செய்த ஒனேசிஃபோர் பெக்கர், கார் என்ற ஒன்று பிறக்கும் முன்பே, 1827-ல் இதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். உள்ளே நான்கு சிறிய பல்சக்கரங்கள். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுழலும்வரை அவை தமக்குள் அசையாமல் கூட்டமாகச் சுற்றும். ஒரு பக்கம் வேகம் கூடினால் அந்த அளவுக்கு உள்ளே உருண்டு கொடுக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கு உண்டு. வலப்பக்கச் சக்கரத்துக்கும் இடப்பக்கச் சக்கரத்துக்கும் நடுவே 1.6 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 10 மீட்டர் அதிகமாக ஓடியிருக்கும். வட்டம் சின்னதா பெரியதா என்பது பொருட்டே இல்லை. கல்யாண மண்டப வாசலில் ஒடித்துத் திருப்பினாலும் சரி, ஒரு பெரிய மைதானத்தைச் சுற்றி வந்தாலும் சரி, அதே 10 மீட்டர்தான். டிஃபரன்ஷியல் வாழ்நாள் முழுக்கச் செய்யும் வேலையை இப்படி வட்டக் கணக்கில் அளக்கலாம். நேர்ச்சாலையில் அதற்கு ஓய்வு.

இப்போது டயரை எடுத்துக்கொள்வோம். 235/60 R18 என்ற அளவு நம் ஊரில் பல எஸ்யூவிகளில் இருக்கிறது. 235 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 60 சதவீதம், அதாவது 141 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம். நடுவில் 18 அங்குல ரிம், அதாவது 457 மில்லிமீட்டர். மேலும் கீழும் பக்கச்சுவரைச் சேர்த்தால் விட்டம் 739 மில்லிமீட்டர், சுற்றளவு சுமார் 2.32 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 431 சுற்று.

புது டயரில் பட்டன் ஆழம், அதாவது சாலையில் படும் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் ஆழம், சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். அது பாதி தேய்ந்து 4-க்கு வந்தால் சுற்றளவு 25 மில்லிமீட்டர் குறைகிறது. இந்த டயர் கிலோமீட்டருக்கு 435 சுற்றுக்கு மேல் சுற்றியாக வேண்டும். வித்தியாசம் ஒரு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் தூரமாகப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 10 மீட்டருக்கு மேல். அதாவது ஒரே ஆக்ஸிலில், இடம் வலம் இரு சக்கரங்களையும் சேர்க்கும் அச்சில், ஒரு புது டயரும் ஒரு பாதி தேய்ந்த டயரும் இருந்தால், நேர்ச்சாலையில் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டிஃபரன்ஷியல் ஒரு முழு வட்டம் அடித்த வேலையைச் செய்கிறது. ஈசிஆரில் சென்னைக்கு ஒருமுறை போய்ச் சேர்ந்தால் ஏறக்குறைய 150 வட்டம்.

டயர் கடையில் கேட்டால், "சைஸ் ஒண்ணுதான் சார், தாராளமா போடலாம்" என்பார்கள். இரு சக்கரம் இழுக்கும் காருக்கு அது சரியான பதில், அவர்களிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் அந்த வண்டிக்காரர்கள்தான். ஒரு ஆக்ஸிலுக்குள் இருக்கும் சாதாரண டிஃபரன்ஷியல் எண்ணெயில் மூழ்கி உருளும் பல்சக்கரம், கொஞ்ச தூரத்துக்கு இந்தச் சுமையைத் தாங்கிவிடும். ஆல் வீல் டிரைவில் சிக்கல் அதற்கு அடுத்த இடத்தில் இருக்கிறது, முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் இணைக்கும் இடத்தில்.

இன்றைய எஸ்யூவிகளில் பெரும்பாலும் அங்கே இருப்பது எண்ணெயில் நனைந்த கிளட்ச் தட்டுகளின் அடுக்கு. சாதாரண ஓட்டத்தில் முன்சக்கரம் இழுக்கும். சேற்றில் முன்சக்கரம் வழுக்கினால் கம்ப்யூட்டர் தட்டுகளை அழுத்தும், பின்சக்கரத்துக்கும் விசை போகும். வழுக்கலை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சி வேகத்தையும் சென்சார் வைத்து எண்ணித்தான். இங்கேதான் அளவு மாறிய ஸ்டெப்னி தொல்லை கொடுக்கிறது. சின்ன சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது, சில அமைப்புகள் அதை வழுக்கல் என்று எடுத்துக்கொண்டு தட்டுகளை இறுக்குகின்றன. ஆனால் இறுக்கினாலும் வித்தியாசம் போகாது, ஏனென்றால் அது டயரின் சுற்றளவிலேயே இருக்கிறது. தட்டுகள் அழுந்தியபடியே ஒன்றின்மேல் ஒன்று உரசிக்கொண்டிருக்கும்.

எவ்வளவு சூடு வரும் என்று ஒரு கணக்குப் போடலாம். கார் வாங்கும்போதே டிக்கிக்குள் வரும் ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னியை எடுத்துக்கொள்ளுங்கள். T155/90 D17 என்று குறியிட்ட ஒன்றை மேலே சொன்ன 18 அங்குலச் சக்கரத்தின் இடத்தில் மாட்டினால் விட்டம் 711 மில்லிமீட்டர், சுற்றளவு 9 சென்டிமீட்டர் குறைவு. 80 கிலோமீட்டர் வேகத்தில் நல்ல சக்கரம் நிமிடத்துக்கு 574 சுற்று, இது 597 சுற்று. ஆக்ஸிலின் வேகம் இரு பக்கத்தின் சராசரி என்பதால் அதில் பாதி, சுமார் 11 சுற்று, வித்தியாசமாக நடுவுக்கு வந்து சேரும். ஆக்ஸில் பல்விகிதம் 3 என்றால், அதாவது முன்னையும் பின்னையும் இணைக்கும் நீளத் தண்டு மூன்று சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று என்றால், அந்தத் தண்டில் அது 34 சுற்று. அந்த நேரத்தில் தட்டுகள் 200 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையைக் கடத்திக்கொண்டிருந்தால் உரசலில் பிறக்கும் வெப்பம் 700 வாட்டைத் தாண்டும். வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்றை அந்தச் சின்ன உலோகக் கூட்டுக்குள் அணைக்காமல் வைத்த மாதிரி. சமவெளியில் மெதுவாகப் போகும்போது அழுத்தம் குறைவாக இருக்கும், சூடும் குறையும். மழையில் வழுக்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் கூடும். எண்ணெய் கருகத் தொடங்கினால் தட்டுகள் வெகுநாள் தாங்காது.

முன்னையும் பின்னையும் இணைக்கும் இந்தப் பாகத்துக்குக் கப்ளிங் என்று பெயர். அதன் பழைய வகையான விஸ்கஸ் கப்ளிங்கில் இன்னும் வேடிக்கையான ஒன்று நடக்கும். அதற்குள் சிலிகான் எண்ணெய் இருக்கிறது. வேக வித்தியாசம் நீடித்தால் எண்ணெய் சூடாகி விரிந்து, கடைசியில் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சேற்றில் அது வரம். காய்ந்த தார்ச்சாலையில் டயரையும் கியரையும் முறுக்கிப் பிழியும்.

இந்தச் சிக்கல் எல்லா நான்கு சக்கர வண்டிக்கும் ஒரே மாதிரி இல்லை. மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி போன்றவற்றில் தனி லீவர் இருக்கிறது. 2H-இல் வைத்தால் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும், முன் ஆக்ஸில் சும்மா உருளும். அளவு கொஞ்சம் மாறிய ஸ்டெப்னியோடும் 2H-இல் வீடு வந்து சேரலாம். ஆனால் அதே வண்டியை 4H-இல் போட்டால் நடுவில் டிஃபரன்ஷியலே கிடையாது, முன்னும் பின்னும் இரும்பாலேயே பூட்டப்படும். அப்போது ஒரு சதவீத வித்தியாசம்கூட டயர் சாலையில் வழுக்கித்தான் தீரும். மணலிலும் சேற்றிலும் வழுக்க இடம் கொடுக்கும், தாரில் கொடுக்காது. முன்னுக்கு ஒரு மோட்டார், பின்னுக்கு ஒரு மோட்டார் என்று இருக்கும் மின்சார வண்டிகளில் நடுவே இரும்பு இணைப்பே இல்லை, இந்தச் சூட்டுப் பிரச்சினையும் இல்லை. இருந்தாலும் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் சக்கர வேகத்தை நம்பித்தான் வேலை செய்கிறது.

சரி, எதை வாங்குவது? என் பதில் ஒன்றுதான். ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே அளவில் ஐந்து டயர் வாங்குங்கள். ஐந்தையும் சுற்றுமுறையில் மாற்றி ஓட்டுங்கள். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னி ஓட்டத்துக்கு வரும், ஓடிய ஒன்று ஓய்வுக்குப் போகும். ஐந்தும் சேர்ந்தே தேயும். எந்த நாளில் எது கிழிந்தாலும் டிக்கியில் இருப்பது ஏறக்குறைய அதே சுற்றளவில் இருக்கும். செலவு வீண் என்று சிலர் நினைக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. நான்கு டயர் 40,000 கிலோமீட்டர் ஓடுமென்றால் ஐந்து டயர் 50,000 ஓடும். டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தால் மட்டும் இடம் வலம் மாற்ற முடியாது. அந்த வகையைத் தவிர்ப்பது நல்லது.

நிறுவனமும் மாடலும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பக்கச்சுவரில் ஒரே எண் இருந்தாலும் டயரை வார்க்கும் அச்சு மாறினால் உண்மைச் சுற்றளவு மாறும். ஆல் வீல் டிரைவுக்குப் பேர்போன சுபாரு நிறுவனம் நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது சுமார் 6 மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது. பட்டன் ஆழத்தில் அது வெறும் 1 மில்லிமீட்டர். வேறு சில நிறுவனங்கள் 2, 3 மில்லிமீட்டர்வரை விடுகின்றன. உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும் எண்தான் உங்களுக்குக் கணக்கு.

அளப்பது கடினமே இல்லை. எல்லா டயரிலும் காற்றைச் சமமாக வையுங்கள். தையற்காரர் டேப்பை ஸ்டெப்னியின் நடுப்பட்டன் மேலே ஒரு சுற்று சுற்றி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடும் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி அதையும் அப்படியே அளங்கள். டேப் கோணலாகப் போனால் அளவு தப்பும், அதனால் இரண்டு தடவை பார்ப்பது நல்லது. ஆழம் பார்க்கும் சின்னக் கேஜ் டயர் கடைகளில் இருக்கும். உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அலைன்மென்ட் கோளாறு இருந்தால் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகியிருக்கும், வெளியே நின்று பார்த்தால் தெரியவே தெரியாது.

வண்டியில் ஏற்கெனவே நான்கு டயரும் கொஞ்சம் ஓடிவிட்டதா? அப்படியானால் ஸ்டெப்னிக்குப் புது டயரைவிட அதே மாடலில் 5 அல்லது 5.5 மில்லிமீட்டர் பட்டன் உள்ள, ஒட்டுப்போடாத டயர் பொருத்தமானது. 8-இல் தொடங்கி 3-இல் மாற்றுவீர்கள் என்றால் அது எந்தப் பக்கமும் சுமார் 3 மில்லிமீட்டருக்கு மேல் விலகாது. புது ஸ்டெப்னி கடைசியில் 5 மில்லிமீட்டர் விலகி நிற்கும். பழையது வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. ஓடாமல் இருந்தாலும் ரப்பர் மூப்படையும். பின்கதவில் தொங்கி வெயில் குடிக்கும் ஸ்டெப்னிக்கு அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

அளவுக்குப் பிறகு எடைக் குறியீடு. 103 என்றால் அந்த டயர் 875 கிலோ தாங்கும், 100 என்றால் 800. அசலைவிடக் குறைந்ததை ஏற்காதீர்கள். ரிம் பழசாக வாங்கினால் போல்ட் துளை பொருந்துகிறதா என்பதோடு நிற்காமல், முன்பக்கம் மாட்டி, பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரில் இடிக்காமல் சுழல்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். ஸ்டெப்னி வண்டியின் அடியில் சங்கிலியில் தொங்கும் வகை என்றால், கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உப்புக் காற்றில் அந்தச் சங்கிலியும் சுழற்றியும் துருப்பிடித்து இறுகிவிடும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது இறக்கி ஏற்றி கிரீஸ் வையுங்கள்.

தற்காலிக ஸ்டெப்னி மட்டும்தான் இருக்கிறது, அதற்கு மேல் இடமில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. அதில் 60 பிஎஸ்ஐ காற்று தேவை, சாதாரண டயரின் அளவைவிட ஏறக்குறைய இரு மடங்கு. 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கூடாது. அதை முன்னே மாட்டுவதா பின்னே மாட்டுவதா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். பின்னே என்று இருந்து முன்டயர் கிழிந்திருந்தால், நல்ல பின்டயரை முன்னுக்குக் கொண்டுவந்து ஸ்டெப்னியைப் பின்னே போடவேண்டும். வேலை இரட்டிப்புதான், கப்ளிங்கின் விலையைக் கேட்டால் செய்யத் தோன்றும். இரு பக்க வேக வித்தியாசத்தை ஓரளவுக்கு மேல் விடாத லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் உள்ள ஆக்ஸிலில் அளவு மாறிய சக்கரம் வேண்டவே வேண்டாம். புதுச்சேரியில் மாட்டிக் கடலூர் வரை 22 கிலோமீட்டர் ஓட்டினாலே அந்த ஆக்ஸில் 80 வட்டத்துக்கு மேல் அடித்திருக்கும். பக்கத்து டயர் கடைவரை மெதுவாகப் போவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் கிட்டும் இருந்தால் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. அதனால் இப்போது ஸ்டெப்னியே இல்லாமலும் வண்டி வருகிறது. ஆல் வீல் டிரைவுக்கு பஞ்சர் கிட் அருமையான துணை என்பேன். ஆணிப் பஞ்சரை அந்த இடத்திலேயே அடைத்துவிட்டால் அதே டயர், அதே சுற்றளவு. ஆனால் கிழிந்த பக்கச்சுவரை எந்தக் கிட்டும் காப்பாற்றாது. அப்போது மீட்பு வண்டிக்குப் போன் செய்யும்போதே ஆல் வீல் டிரைவ் என்று சொல்லி, நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டு லாரியைக் கேளுங்கள். இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்கும் வண்டி வந்தால் கட்ட விடாதீர்கள். தரையில் உருளும் ஆக்ஸில் முழு வேகத்திலும் தூக்கிய ஆக்ஸில் அசையாமலும் இருக்க, அந்த வித்தியாசம் முழுவதையும் நடுவில் இருக்கும் அந்தத் தட்டுகள்தான் தாங்கவேண்டி வரும்.