384 பேரும் மூன்று குழிகளும்: ஆய்வுக் கட்டுரையில் எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

ஆராய்ச்சி மாணவர்களுக்குப் புள்ளியியல் ஆலோசனை சொல்வது என் வேலை. காலையில் மேலாண்மைத் துறையிலிருந்து ஒருவர் வருவார். ஆர்கானிக் பொருள்களை வாங்குவோரின் மனப்பாங்கு பற்றிய ஆய்வு. மதியம் பயோடெக்னாலஜியிலிருந்து ஒருவர். ஏதோ ஓர் இலைச்சாறு புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறதா என்று பார்க்கிறார். ஒருவர் பாடம் மற்றவருக்குப் புரியாது. ஆனால் இருவரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், சிக்னிஃபிகன்ட் வரலை. வேற ஏதாவது டெஸ்ட் போட்டுப் பார்க்கலாமா?"

பார்க்கலாம். பார்த்தால் வந்தும் விடும். சிக்கலே அதுதான்.

பி-வேல்யூ என்பது, உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்லும் எண். அது 0.05-க்குக் கீழே இருந்தால் முடிவை 'சிக்னிஃபிகன்ட்' என்று ஏற்கலாம் என்பது பெரும்பாலான துறைகளில் வழக்கம். உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத இடத்தில்கூட, இருபதில் ஒரு முறை தற்செயலாகவே அந்த எண் வந்துவிடும் என்பதுதான் இதன் பொருள். ஒரே ஒரு டெஸ்ட் செய்தால் பரவாயில்லை. ஆண்கள் தனி, பெண்கள் தனி, நாற்பது வயதுக்கு மேல், கீழ், நகரம், கிராமம் என்று பிரித்துப் பிரித்து ஒன்றையொன்று சாராத 20 டெஸ்ட் செய்தால், குறைந்தது ஒன்றிலாவது போலியான 'கண்டுபிடிப்பு' கிடைக்கும் வாய்ப்பு 64 சதவீதம். கட்டுரையில் அந்த ஒன்றை மட்டும் எழுதி, மற்ற 19-ஐச் சொல்லாமல் விட்டால், படிப்பவருக்கு ஏமாந்தது தெரியவே தெரியாது. எழுதியவருக்கும் பல நேரம் தெரிவதில்லை. கைடு சொன்னார், செய்தோம், அவ்வளவுதான்.

இதற்கு உலகமறிந்த உதாரணம் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த பிரையன் வான்சிங்க். உணவு விஷயத்தில் நுகர்வோர் நடத்தையை ஆராய்ந்தவர். தட்டு பெரிதாக இருந்தால் அதிகம் சாப்பிடுவோம் என்பது போன்ற செய்திகளைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அந்த வகை ஆய்வுகளின் நட்சத்திரம் அவர். அமெரிக்க வேளாண் துறையின் ஊட்டச்சத்துக் கொள்கை மையத்துக்கே தலைமை வகித்தவர். 2016 நவம்பரில் அவரே பெருமையாக ஒரு கதையை எழுதினார். பீட்சா பரிமாறும் இத்தாலிய பஃபே உணவகம் ஒன்றில் திரட்டிய டேட்டாவில் எதிர்பார்த்த முடிவு வரவில்லை. அதை ஒரு மாணவியிடம் கொடுத்து, இதில் ஏதாவது தேறும், தேடிப் பார் என்றாராம். அவர் உழைத்துத் தேடினார். பல கட்டுரைகள் வெளியாயின என்று. உழைப்பைப் பாராட்ட எழுதியது. படித்த புள்ளியியல்காரர்களுக்கோ வயிற்றைக் கலக்கியது. ஆண், பெண், மதியம் வந்தவர், இரவு வந்தவர், தனியாக உட்கார்ந்தவர் என்று பிரித்துப் பார்க்கும்படி அந்த மாணவிக்கு அவர் அனுப்பிய மின்னஞ்சலும் பின்னாளில் வெளியானது.

மூன்று பேர் அந்த பீட்சா ஆய்வுகளில் நான்கை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். சுமார் 150 முரண்பாடுகள். அதைத் தொடர்ந்து பழைய கட்டுரைகளும் தோண்டப்பட்டன. 2018 செப்டம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா குழும இதழ்கள் ஒரே நாளில் அவருடைய ஆறு கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. பல்கலைக்கழகம் ஆய்வு ஒழுங்கீனம் என்று முடிவு செய்தது. அவர் பதவி விலகினார். மோசடி எதுவும் செய்யவில்லை என்பது அவர் தரப்பு. எனக்கு அதை நம்பத் தோன்றுகிறது. அதனால்தான் கூடுதல் பயமாகவும் இருக்கிறது. பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல் இவ்வளவு தூரம் போக முடியும் என்றால், கெடுவுக்கு மூன்று மாதம் இருக்கும் நம் ஊர் பிஎச்.டி. மாணவர் எம்மாத்திரம்?

சரி, இது நுகர்வோர் ஆய்வுக்கு மட்டும் வந்த வியாதி, மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்யும் அறிவியலுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது என்று பயோடெக்னாலஜி மாணவர்கள் நினைப்பதுண்டு. அவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: உங்கள் 'என்', அதாவது ஆய்வில் எண்ணியவற்றின் எண்ணிக்கை, எத்தனை? "மூன்று சார், டிரிப்ளிகேட் செய்தோம்" என்பார்கள். எதில் மூன்று?

எவ்வளவு செல்கள் உயிரோடு இருக்கின்றன என்பதை நிறத்தால் காட்டும் எம்.டி.டி. சோதனைக்கு 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்றைப் பயன்படுத்துவார்கள். ஒரே குடுவையில் வளர்ந்த செல்களை அந்தக் குழிகளில் பிரித்து ஊற்றி, இலைச்சாற்றை ஒரு குறிப்பிட்ட அளவில் மூன்று குழிகளில் இட்டு, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ நிறத்தை அளப்பார்கள். மூன்று குழிகளும் அநேகமாக ஒரே எண்ணைத்தான் காட்டும். ஒரே செல், ஒரே நாள், ஒரே கை, ஒரே பிப்பெட். காட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரே பானையிலிருந்து மூன்று கரண்டி சோறு எடுத்துப் பார்த்துவிட்டு, மூன்று பானை பதம் பார்த்தேன் என்று சொல்வது மாதிரிதான் இது. அந்த 'என்' மூன்று அல்ல, ஒன்று. வேறு நாளில், புதிதாக வளர்த்த செல்களில், புதிதாகக் கலந்த சாற்றைக்கொண்டு திரும்பச் செய்தால்தான் இரண்டாவது ஆகும். ஆனால் கட்டுரையின் வரைபடத்தில் எர்ரர் பார் (அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் கோடு) அவ்வளவு சிறியதாக, அழகாக நிற்கும். பி-வேல்யூவில் பூஜ்ஜியங்கள் அடுக்கியிருக்கும்.

மேலாண்மை மாணவரிடம் இதே தவறு வேறு உருவில் இருக்கிறது. அவருடைய 'என்' 384. ஏன் 384 என்று கேட்டால் "ஃபார்முலா சார்" என்பார். ஃபார்முலா சரிதான். மக்கள்தொகை மிகப் பெரியதாக இருக்கும்போது, 95 சதவீத நம்பகத்துடன், ஐந்து சதவீதப் பிழைக்குள் ஒரு விகிதத்தை மதிப்பிட 384 பேர் போதும். ஆனால் அந்த ஃபார்முலாவுக்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்த 384 பேரும் குலுக்கல் போல, யாருக்கும் சம வாய்ப்புத் தந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். நடப்பது என்ன? கூகுள் ஃபார்ம் ஒன்று தயாராகி, வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. அங்கிருந்து அண்ணன் அலுவலகத்துக்கு, அப்புறம் குடியிருப்புச் சங்கத்துக்கு. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த, ஸ்மார்ட்போன் வைத்திருக்கிற, மாணவரின் முகத்துக்காக மறுக்க முடியாத 384 பேர். தீசிஸ் தலைப்போ 'தமிழ்நாட்டு நுகர்வோர்' என்று இருக்கும். காய்கறிக் கூடையோடு சந்தைக்கு வரும் ஓர் அம்மாவும் அதில் இருக்க மாட்டார். தெரிந்தவர்களிடம் கேட்பதே தவறு என்று நான் சொல்லவில்லை; முதற்கட்ட ஆய்வுக்கு அது போதும். தலைப்பில் உண்மையைச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும், எண்ணப்பட்டது எது என்ற கேள்வி மீதி இருக்கிறது. செல் உயிரியலில் இந்தக் கதை நீளமானது.

1951-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து அவருக்குத் தெரியாமலே எடுத்து வளர்க்கப்பட்டவை ஹீலா செல்கள். உடலுக்கு வெளியே ஓயாமல் பெருகிய முதல் மனிதச் செல்கள் இவை. ஏறக்குறைய ஒரே நாளில் இரட்டிப்பாகும். ஒரு துளி பக்கத்துக் குடுவையில் விழுந்தாலோ, ஒரே பிப்பெட்டை இரண்டு புட்டியில் விட்டாலோ போதும். சில வாரங்களில் அங்கிருந்த செல்களைத் தள்ளிவிட்டு அந்த இடத்தை ஹீலா பிடித்துக்கொள்ளும். புட்டியின் மேல் லேபிள் மட்டும் பழையபடி இருக்கும்.

1966-இல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர் ஒரு மாநாட்டில் இதைப் போட்டு உடைத்தார். வெவ்வேறு திசுக்களிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட 18 செல் லைன்களில் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல் வகைகளில்), பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மட்டுமே காணப்படும் ஜி6பிடி என்சைமின் ஏ வகை இருந்தது. அவற்றில் பல வெள்ளையர்களிடமிருந்து வந்ததாகப் பதிவானவை. எல்லாமே ஹீலாவாக இருக்கலாம் என்றார். வந்திருந்தவர்கள் ரசிக்கவில்லை. இன்று டி.என்.ஏ. சோதனை ஐயமில்லாமல் காட்டுகிறது: வாய்ப்புற்று என்று விற்கப்பட்ட கேபி, குரல்வளைப் புற்று என்று சொல்லப்பட்ட ஹெப்-2, கல்லீரல் செல் என்ற பெயரில் உலவிய சாங் லிவர், எல்லாமே ஹீலா. தவறான அடையாளம் கொண்ட செல்களின் சர்வதேசப் பட்டியலில் இப்போது ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. 2017-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, இத்தகைய செல்களை வைத்து எழுதப்பட்ட 32,755 கட்டுரைகளை அடையாளம் கண்டது.

பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனாலும் மூலிகைச் சாற்றை 'வாய்ப்புற்றுச் செல்' கேபியில் சோதித்த கட்டுரைகள் நம் ஊரிலிருந்தும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பக்கத்து லேபில் கேட்டு வாங்கிய குடுவை. அவர்கள் யாரிடம் வாங்கினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. புனேயில் உள்ள தேசியச் செல் அறிவியல் மையம் போன்ற சேமிப்பகத்திலிருந்து நேரடியாக வாங்குங்கள். வேலையின் தொடக்கத்திலும் முடிவிலும் எஸ்.டி.ஆர். என்ற டி.என்.ஏ. சோதனை செய்து அடையாளத்தை உறுதிசெய்யுங்கள். இது ஆடம்பரம் என்று நினைக்கும் கைடுகளிடம் பொறுமையாகப் பேச வேண்டியிருக்கிறது.

மனிதர்களிடமும் லேபிள் மாறும். வான்சிங்க்கின் இன்னொரு ஆய்வு, ஆப்பிளில் எல்மோ பொம்மை ஸ்டிக்கர் ஒட்டினால் 8 முதல் 11 வயதுக் குழந்தைகள் பிஸ்கட்டை விட்டு ஆப்பிளை எடுப்பார்கள் என்று சொன்னது. உண்மையில் ஆய்வில் இருந்தவர்கள் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள். பள்ளிக்கூட மதிய உணவுக்குப் பரிந்துரை சொன்ன கட்டுரை அது. 2017-இல் திரும்பப் பெறப்பட்டது.

கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, கணினி இல்லாமலே நீங்கள் செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹெதர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் உருவாக்கியது. கிரிம் சோதனை என்பார்கள். 20 பேரிடம் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்டதாக வைத்துக்கொள்வோம். எல்லோர் விடையும் முழு எண். கூட்டுத்தொகையும் முழு எண். அதை 20-ஆல் வகுத்தால் சராசரி 3.45 வரலாம், 3.50 வரலாம். நடுவில் 3.48 வரவே வராது. கட்டுரையில் 3.48 என்று இருந்தால், ஒன்று ஆள் எண்ணிக்கை தவறு, அல்லது தட்டச்சுப் பிழை, அல்லது அதைவிட மோசமான ஏதோ ஒன்று. நூறு பேருக்குக் கீழே உள்ள ஆய்வுகளில் இது நன்றாக வேலை செய்யும். பீட்சா கட்டுரைகளில் ஓட்டை தெரிந்ததும் இந்த மாதிரிக் கணக்கில்தான். வைவாவில் ஒரு புறத்தேர்வாளர் பென்சிலால் இதைப் போட்டுப் பார்க்கத் தொடங்கினால் அறையே அமைதியாகிவிடும்.

செய்தித்தாளில் 'இந்த மூலிகை புற்றுநோயைக் குணப்படுத்தும், ஆய்வில் கண்டுபிடிப்பு' என்று படிக்கும் பொதுவாசகர்களுக்கு ஒன்று. தட்டில் உள்ள புற்றுநோய்ச் செல்லை உப்பும் கொல்லும், வினிகரும் கொல்லும். எவ்வளவு குறைந்த அளவில் கொன்றது, அதே அளவு சாதாரணச் செல்லை விட்டுவைத்ததா என்பதுதான் செய்தி. மில்லிலிட்டருக்கு 20, 30 மைக்ரோகிராமுக்குள் பாதி செல்களைக் கொன்றால்தான் தாவரச் சாற்றைக் கவனிக்கத்தக்கதாக எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். பல கட்டுரைகளில் அந்த எண் நூறுகளில் இருக்கும். தலைப்பில் அது வராது. யாராவது அதை நம்பி கீமோவை நிறுத்தினால், அந்தக் கட்டுரை எழுதியவர் வந்து பார்க்கப்போவதில்லை.

புற்றுநோய் உயிரியலில் புகழ்பெற்ற 53 கட்டுரைகளிலிருந்து 193 சோதனைகளைத் திரும்பச் செய்து பார்க்க ஒரு பெரிய குழு முயன்று, 2021-இல் முடிவுகளை வெளியிட்டது. செய்து முடிக்க முடிந்தது 50 மட்டுமே. செய்முறைப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, அசல் ஆசிரியர்களிடம் கேட்காமல், ஒரு சோதனையைக்கூட முழுதாகத் திட்டமிட முடியவில்லையாம். மாணவர்கள் கடைசி இரவில் காப்பியடித்து நிரப்பும் பகுதி எது தெரியுமா? அதே செய்முறைதான்.

என்னிடம் வருபவர்களுக்கு நான் கொடுக்கும் வேலை சிறியது. டேட்டா எடுக்கும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எதை அளக்கப் போகிறேன், யாரிடம், எத்தனை, எந்த டெஸ்ட். தேதி போட்டுக் கைடுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், முடிந்தால் ஆய்வுத் திட்டங்களுக்கான ஓ.எஸ்.எஃப். இணையதளத்தில் இலவசமாகப் பதிவுசெய்யுங்கள். பிறகு திட்டத்தில் இல்லாத டெஸ்ட் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், 'பிற்பாடு தேடிப் பார்த்தது' என்று கட்டுரையில் குறிப்பிட்டுவிட்டு. சிக்னிஃபிகன்ட் வரவில்லை என்றால், வரவில்லை என்றே எழுதலாம். பிஎச்.டி. வாங்க இதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022 விதிமுறையிலேயே நீக்கிவிட்டது. பல கல்லூரிகள் தம் விருப்பத்துக்கு இன்னும் கேட்கின்றன என்பது வேறு விஷயம்.

அப்புறம், மேற்கோள் காட்டும் கட்டுரைகளை ஜொடேரோவில் சேர்த்து வையுங்கள். இலவச மென்பொருள். நீங்கள் சேர்த்த ஒன்று பின்னாளில் திரும்பப் பெறப்பட்டால், திரும்பப் பெற்ற கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, அந்தக் கட்டுரைக்குமேல் சிவப்புப் பட்டையில் எச்சரிக்கை காட்டும். தீசிஸ் சமர்ப்பிக்கும் வாரத்தில் ஒரு முறை திறந்து பார்த்தால் போதும்.