பிரைவேட் லிமிடெட் கம்பெனி: பதிவு வேறு, லைசென்ஸ் வேறு

கம்பெனி பதிவுக்காக இன்று யாரும் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் நிற்பதில்லை. 2020 பிப்ரவரியில் வந்த ‘ஸ்பைஸ் பிளஸ்’ படிவத்தை மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்திலேயே போட்டுவிடலாம். காகிதம் சரியாக இருந்தால் சான்றிதழ் சீக்கிரமே மெயிலில் வந்துவிடும். சிக்கல் எல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான்.

2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி பிரைவேட் லிமிடெட் தொடங்கக் குறைந்தது இரண்டு பங்குதாரர்கள், இரண்டு டைரக்டர்கள் வேண்டும். அந்த இருவரே இந்த இருவராகவும் இருக்கலாம். கணவன் மனைவி சேர்ந்து நடத்தும் கம்பெனிகள் நிறைய. டைரக்டர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். துபாயில் இருக்கும் தம்பியும் சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனும் மட்டும் சேர்ந்து தொடங்க முடியாது, ஊரில் ஒருவர் வேண்டும். குறைந்தபட்ச மூலதனம் ஒரு லட்சம் என்ற விதி 2015-லேயே போய்விட்டது. அங்கீகரிக்கப்பட்ட மூலதனம், அதாவது கம்பெனி வெளியிடக்கூடிய பங்குகளின் உச்ச மதிப்பு, 15 லட்சம் வரை அமைச்சகத்தின் பதிவுக் கட்டணமும் கிடையாது. ஆனால் மாநில முத்திரைத் தீர்வை, டிஜிட்டல் கையெழுத்து, படிவத்துக்குச் சான்று தரும் ஆடிட்டர் அல்லது கம்பெனி செக்ரட்டரியின் கட்டணம் எல்லாம் உண்டு. ‘ஆயிரம் ரூபாயில் கம்பெனி’ என்று விளம்பரம் பார்த்தால், இதில் எதெல்லாம் அடக்கம் என்று முதலில் கேளுங்கள்.

பெயருக்கு 1,000 ரூபாய் கட்டி இரண்டு பெயர் கொடுக்கலாம். கிடைத்த பெயர் 20 நாள்தான் உங்களுக்காகக் காத்திருக்கும். ஏற்கெனவே உள்ள பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டியோ, ஒருமையைப் பன்மையாக்கியோ, இரண்டு சொல்லைச் சேர்த்து எழுதியோ தப்பிக்க முடியாது. பிறர் டிரேட்மார்க் ஆக்கிய பெயரும் நிற்காது. அதையும் தேடிப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

நம் ஊரில் விண்ணப்பம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று இனிஷியல். ஆதாரில் ‘முருகன் க’, பான் கார்டில் ‘முருகன் கருப்பசாமி’, வங்கியில் ‘க. முருகன்’. ஆள் ஒருவர்தான் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. டிஜிட்டல் கையெழுத்தும் டைரக்டர் அடையாள எண்ணும் பான் கார்டில் உள்ள பெயரை ஒட்டியே வரும். அதனால் மற்ற ஆவணங்களை பான் கார்டுக்குச் சமமாக்கிவிட்டு ஆரம்பிப்பதே நல்லது.

இன்னொன்று ஈ.பி. கார்டு. கம்பெனியின் அதிகாரபூர்வ முகவரியான பதிவு அலுவலகத்துக்கு வீட்டு முகவரி போதும், தனி ஆபீஸ் தேவையில்லை. ஆனால் இட உரிமையாளரின் பெயரில், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட மின் கட்டண ரசீதோ அதுபோன்ற வேறு ரசீதோ கேட்பார்கள். நம் வீடுகளில் பாதி இணைப்பு இன்னும் காலமான தாத்தா பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மின்வாரியத்தில் பெயர் மாற்றம் செய்துவிட்டு வருவதுதான் நேர்வழி. வாடகை இடம் என்றால் ஒப்பந்தமும், ஆட்சேபணை இல்லை என்று உரிமையாளர் எழுதித் தரும் கடிதமும் வேண்டும். இதற்குக் கையெழுத்துப் போட வீட்டுக்காரர் தயங்குவார். முன்பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

பதிவு முடிந்ததும் கம்பெனி அடையாள எண்ணோடு பான், டான் (வரி பிடித்தம் செய்வதற்கான எண்), பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எண்கள் சேர்ந்தே வரும். வங்கிக் கணக்குக்கும் அதே விண்ணப்பத்தில் வழி உண்டு. ஜி.எஸ்.டி. வேண்டுமானால் அங்கேயே கேட்கலாம், கட்டாயமில்லை.

இவ்வளவு எண்கள் கைக்கு வந்ததும் தொழில் நடத்த அனுமதி கிடைத்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. கம்பெனி என்று ஒன்று பிறந்திருக்கிறது, அவ்வளவே. அது என்ன தொழில் செய்யப்போகிறது என்பதைப் பொறுத்துத்தான் லைசென்ஸ். ஈரோட்டில் மசாலாப் பொடி அரைத்து பாக்கெட் போட்டு விற்கும் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், மாநகராட்சியின் தொழில் உரிமம், பாக்கெட்டில் எடையும் விலையும் அச்சிடுவதால் எடையளவுத் துறையில் பதிவு எல்லாம் தேவை. அரவை இயந்திரம் ஓடுவதால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்தத் தொழிலை எந்த வகையில் வைத்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து மென்பொருள் எழுதும் கம்பெனிக்கு இதில் எதுவுமே வராது. ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான். தமிழ்நாட்டில் சரக்கு விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சமும், சேவை என்றால் 20 லட்சமும் தாண்டும்போது கட்டாயம். ஆனால் சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்றால், பொதுவாக முதல் பில்லுக்கே பதிவு வேண்டும்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது சான்றிதழ் வந்த பிறகான முதல் ஆறு மாதத்தில். 30 நாளுக்குள் டைரக்டர்கள் முதல் கூட்டம் நடத்தி ஆடிட்டரை நியமிக்க வேண்டும். வாசலில் கம்பெனி பெயரும் முகவரியும் உள்ள போர்டு வேண்டும், வட்டார மொழி எழுத்திலும்தான். எல்லாவற்றையும்விட முக்கியமானது ‘ஐ.என்.சி. 20ஏ’ படிவம். பங்குதாரர்கள் ஒப்புக்கொண்ட பணத்தைக் கம்பெனியின் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டதாக 180 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். அதைச் செய்யாமல் தொழில் தொடங்கவும் கூடாது, கடன் வாங்கவும் கூடாது. தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம். டைரக்டர்களுக்குத் தலைக்கு நாள் ஒன்றுக்கு 1,000 ரூபாய், ஒரு லட்சம் வரை. ஒரு லட்சம் மூலதனம் போட்ட கம்பெனிக்கு இது முதலுக்கே மோசம். வங்கிக் கணக்கு தாமதமானால் இதுவும் தாமதமாகும் என்பதால், கணக்கை முதல் வாரத்திலேயே துரத்திப் பிடியுங்கள்.

பிறகு வருடாவருடம் வரும் செலவு. ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாவிட்டாலும் தணிக்கை கட்டாயம். நிதிநிலை அறிக்கை, ஆண்டு அறிக்கை என இரண்டு படிவங்கள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதக் கட்டணம் படிவத்துக்கு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு இல்லை. இரண்டும் ஓர் ஆண்டு தாமதமானால் 73,000 ரூபாய். மூன்று ஆண்டு தொடர்ந்து விட்டுவிட்டால் டைரக்டர்கள் ஐந்து ஆண்டுக்குத் தகுதி இழப்பார்கள்.

சின்னதாக ஆலோசனை, டிசைன் போன்ற தொழில் செய்யும் இரண்டு பேருக்கு எல்.எல்.பி. எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை போதும் என்பது என் கருத்து. விற்றுவரவு 40 லட்சமும் கூட்டாளிகள் போடும் பங்களிப்பு 25 லட்சமும் தாண்டாதவரை அதற்குத் தணிக்கை கட்டாயமில்லை. வெளியிலிருந்து முதலீடு வாங்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் பிரைவேட் லிமிடெட்தான், முதலீட்டாளர்கள் பங்கு கேட்பார்கள்.

‘லிமிடெட்’ என்றால் கடன் நம் வீட்டுக்கு வராது என்ற நம்பிக்கையிலும் பாதிதான் உண்மை. பங்குக்குக் கட்ட வேண்டிய பணத்தோடு பொறுப்பு முடிகிறது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் புதுக் கம்பெனிக்குக் கடன் தரும் வங்கி பெரும்பாலும் டைரக்டர்களின் சொந்த ஜாமீனையும் வாங்கிக்கொள்ளும். கம்பெனியிடம் வசூலாகாத வருமான வரி பாக்கிக்கு, தங்கள் மேல் தவறில்லை என்று நிரூபிக்க முடியாத டைரக்டர்களிடமும் துறை வரலாம்.

நடத்த முடியவில்லை என்றால் பூட்டிவிட்டுப் போகாதீர்கள், படிவங்களின் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு ஆண்டு தொழில் நடக்காத கம்பெனியைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கேட்க ‘எஸ்.டி.கே. 2’ என்ற படிவம் இருக்கிறது. அதற்கு முன் கடன் பாக்கியை எல்லாம் தீர்த்திருக்க வேண்டும்.